முரசுமோட்டை என்ற பெயரும் ஒரு வரைபடந்தான்

2018 டிசம்பர் 21 இரவு கிளிநொச்சியில் கொட்டிய மழை பலருக்கு இன்னும் ஞாபகமிருக்கும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, முரசுமோட்டை, பன்னங்கண்டி, கண்டாவளைப் பக்கமெல்லாம் வெள்ளம். பிறகு எங்கும் ஒரே கதைதான்: கதவை நேரத்துக்குத் திறந்தார்களா? விசாரணைக் குழுவும் வந்தது. கேட்கவேண்டிய கேள்விதான். நாங்கள் கேட்பது அதுக்கும் முந்தினது: தண்ணி எங்கே வரும் எண்டு காட்டும் வரைபடத்தை எதை வைத்து வரைவது?

'நூறு ஆண்டு வெள்ளம்' எண்டால், ஒவ்வொரு வருசமும் 1 சதவீதம் வரக்கூடிய வெள்ளம். 30 வருசம் ஒரே வீட்டில் இருந்தால் அதைக் காணும் வாய்ப்பு ஏறத்தாழ நாலில் ஒன்று. இதைக் கணிக்க, நடுவில் அறாத நீண்ட மழைப்பதிவு வேணும். போர்க்காலத்தில் வடக்குக் கிழக்கின் பல நிலையங்களில் அந்தப் பதிவு அறுந்துபோனது. எங்கட இழப்புகளை எண்ணும்போது மழைமானியை யார் நினைத்தது? மிஞ்சிய பதிவும் பழைய காலநிலையினுடையது. காற்று 1 பாகை செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அது மழையாகத்தான் இறங்கும்.

கனகராயன் ஆறு வவுனியாப் பக்கமிருந்து வடக்கே ஓடி, இரணைமடுவில் நிறைந்து, சுண்டிக்குளம் கடனீரேரிக்குப் போகிறது. பிரித்தானியர் காலத்தில் கட்டிய குளத்தைப் பல தடவை உயர்த்தி, கடைசியாக 34 அடியிலிருந்து 36 அடியாக்கினார்கள். ஆற்றின் கீழ்ப்பக்கம் ஊர்ப்பெயர்களே எச்சரிக்கின்றன. முரசுமோட்டையின் 'மோட்டை', புளியம்பொக்கணையின் 'பொக்கணை' இரண்டும் தண்ணி தேங்கும் பள்ளத்துக்கான சொற்கள். ஆனால் எந்த வருசம் எந்த வேலி மட்டும் தண்ணி வந்தது எண்டு சொல்லக்கூடிய சனம் இடம்பெயர்ந்தது. 2009க்குப் பிறகு மீளக்குடியேறியபோது அவர்களில் பலர் திரும்பவில்லை. பதிவேட்டில் விழுந்த அதே ஓட்டை ஊர் ஞாபகத்திலும் விழுந்தது.

செய்மதி தரும் இலவச உயரத் தரவு போதாதா? அதில் சில மீற்றர் பிழை சாதாரணம். வன்னிச் சமவெளியில் ஒரு மீற்றரே வீடு தப்புமா தாழுமா எண்டதைத் தீர்மானிக்கும். அதனால் 2018இல் தண்ணி எந்தப் படி, எந்த யன்னல் மட்டும் ஏறியது எண்டு வீடுவீடாகக் கேட்டு, அளந்து, திகதியோடு எழுதி வைக்கலாம். சுவரில் கறை போயிருந்தாலும் வீட்டுக்காரருக்குத் தெரியும். இந்த மாரிக்கு முன்னம் தொடங்கலாமா?