ஹெல்வெத்தியர்: சுவிற்சர்லாந்துக்குப் பெயர் தந்த மக்கள்

சுவிற்சர்லாந்தில் வாழும் நாம் அன்றாடம் கையாளும் ஒரு பிராங்க் நாணயத்திலும் முத்திரைகளிலும் 'ஹெல்வெத்தியா' என்ற பெயர் உள்ளது. வாகனங்களில் காணும் 'சி.எச்.' என்பதும் ஹெல்வெத்தியக் கூட்டமைப்பு என்பதன் இலத்தீன் சுருக்கமே. நான்கு தேசிய மொழிகள் உள்ள நாட்டில், எந்த மொழியையும் முன்னிறுத்தாத பெயர் அது. உரோமருக்கு முன் இங்கு வாழ்ந்த மக்களிடமிருந்து அது வந்தது.

ஹெல்வெத்தியர் கெல்டிக் மொழி பேசியவர்கள். யூரா மலைகளுக்கும் அல்ப்ஸ் மலைகளுக்கும் இடைப்பட்ட, கடல் தொடாத மேட்டுநிலமே அவர்களது தாயகம். இன்றைய பேர்ண் நகரை ஒட்டிய ஆரெ ஆற்று வளைவிலும் அக்காலக் குடியிருப்பு ஒன்று இருந்தது. நொய்சத்தல் ஏரிக்கரையில் உள்ள லா தேன் என்ற இடத்தில் 1857இல் நீர்மட்டம் தாழ்ந்தபோது இரும்பு வாள்களும் ஈட்டிமுனைகளும் வெளிப்பட்டன. ஐரோப்பாவின் பிந்திய இரும்புக்காலப் பண்பாட்டுக்கே அவ்விடத்தின் பெயர் வழங்குகிறது.

கி.மு. 58இல் இம்மக்கள் மேற்கே, இன்றைய பிரான்சை நோக்கிப் புறப்பட்டனர். திரும்பும் எண்ணம் எழாதிருக்கத் தமது 12 நகரங்களையும் ஏறத்தாழ 400 கிராமங்களையும் தாமே எரித்தனர் என்கிறார் யூலியஸ் சீசர். மூன்று மாதத்துக்கான மாவை மட்டும் எடுத்துக்கொண்டனர்; எஞ்சிய தானியமும் எரிந்தது. ஜெனீவாவில் பாலத்தைத் தகர்த்து வழிமறித்த சீசர், பின்னர் பிப்ராக்தே அருகே அவர்களைத் தோற்கடித்தார். வெறுமையான நிலத்தில் ஜெர்மானியர் குடியேறிவிடுவர் என்று அஞ்சி, எரித்த ஊர்களுக்கே திரும்பி அவற்றை மீளக் கட்டும்படி ஆணையிட்டார்.

நேச இனங்களையும் சேர்த்துப் புறப்பட்டோர் 368,000 பேர், திரும்பியோர் 110,000 பேர் என்பது சீசரின் கணக்கு. இத்தொகைகள் மிகைப்படுத்தப்பட்டவை என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். பிற்காலத்தில் உரோம ஆட்சியின் கீழ் அவர்களது தலைநகராக அவெந்திக்கும் விளங்கியது. இன்றைய அவான்ஷ் நகரில் அதன் அரங்கையும் அருங்காட்சியகத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. போரிடத்தக்கோர், சிறுவர், முதியோர், பெண்கள் எனப் பிரித்துத் தம் மக்களை ஹெல்வெத்தியரே கிரேக்க எழுத்தில் பதிந்து வைத்திருந்தனர். அப்பட்டியல்கள் அவர்களது பாசறையில் சீசரின் கைக்குப் போயின. பெயர்கள் மறைந்தன, வென்றவர் எழுதிய தொகை மட்டுமே நமக்கு எஞ்சியுள்ளது.