ராஷ்டிரபதி விருதும் செங்கல் சூளையும்

சாரணர் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது கழுத்தில் ஸ்கார்ஃப், கையில் கயிறு, குடியரசு தின அணிவகுப்பு. அதோடு சரி. "அதுல சேர்ந்தா சர்டிபிகேட் கிடைக்கும், ரயில்வேல உபயோகப்படும்" என்று சொல்லிச் சேர்த்துவிட்ட அப்பாக்களும் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அந்த சர்டிபிகேட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. அதில் சென்னைக்கும் திருத்தணிக்கும் பங்கு உண்டு. கும்மிடிப்பூண்டிக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு என்பது என் கட்சி. மலர்க் குழுவினர் இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் சொல்லப் பார்க்கிறேன்.

1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் என்ற ராணுவ அதிகாரி சுமார் இருபது பையன்களை வைத்து ஒரு முகாம் நடத்தினார். சாரணர் இயக்கத்தின் தொடக்கம் அதுதான். இரண்டே ஆண்டில், 1909-ல், கேப்டன் பேக்கர் என்பவர் பெங்களூரில் ஒரு படையைத் தொடங்கிவிட்டார். ஆனால் அதில் சேர வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டும்தான் அனுமதி. நம் பிள்ளைகளுக்குக் கூடாரம் போடவும் அணி நடத்தவும் சொல்லிக்கொடுத்தால் நாளைக்கு நமக்கு எதிராகவே திரும்புவார்களோ என்று அரசாங்கத்துக்கு உள்ளூர ஒரு பயம். சேவை செய்வதற்குக்கூட நிறம் பார்த்த காலம் அது!

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம், சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் சேர்ந்து இந்தியச் சாரணர் சங்கத்தை ஆரம்பித்தார்கள். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. வடக்கே மதன்மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தை 1918-ல் தொடங்கினார்கள். இதில் ஒரு வேடிக்கை. 1917-ல் பெசன்ட் அம்மையாரை ஊட்டியில் காவலில் வைத்தது ஆங்கில அரசு. 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அந்த அம்மையாரின் சங்கம் அவருடைய சங்கத்தோடு இணைந்தது. அம்மையாருக்கு அகில இந்திய கௌரவ சாரண ஆணையர் பதவி! கதவைத் தட்டிக்கொண்டு நின்றவர்கள் இல்லை இவர்கள். பக்கத்திலேயே ஒரு வாசல் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு பல பெயர்களில் இருந்த சங்கங்கள் 1950 நவம்பர் 7-ல் ஒன்றாகி பாரத சாரணர் இயக்கம் ஆயின. மறு ஆண்டு ஆகஸ்ட் 15-ல் சாரணியரும் இணைந்தனர்.

இனி விருதுக்கு வருவோம். பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திரிதீய சோபான், அதன்மேல் ஆளுநர் கையெழுத்திடும் ராஜ்ய புரஸ்கார், எல்லாவற்றுக்கும் மேலே குடியரசுத் தலைவர் கையெழுத்திடும் ராஷ்டிரபதி விருது. சோபானம் என்றால் படிக்கட்டு. திருத்தணி மலைக்கு 365 படி ஏறிப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. இன்னொரு பொருத்தமும் உண்டு. 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் அதே திருத்தணியில் 1888-ல் பிறந்தவர். சேரக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் பேரன்மார்களுக்கு, நம் ஊர்க்காரர் ஒருவர் நாட்டின் தலைவராக இருந்து விருது வழங்கிய காலம் அது.

முடிச்சு, கூடாரம், முதலுதவி எல்லாம் பயிற்சியில் வந்துவிடும். கஷ்டமான இடம் சமூக சேவை. எழுத்தறிவு, சுகாதாரம், தொழுநோய்த் தடுப்பு, மண் பாதுகாப்பு என்று திறன் சின்னங்கள் பல. செய்ததை லாக் புக்கில் எழுதி சாரண ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு. ராஷ்டிரபதி விருது வாங்கியவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். சிப்காட் கம்பெனிகளில் காண்டிராக்ட் கூலியாக அப்பா ஷிப்ட் பார்க்கும் வீட்டில், மின்ரயில் சத்தம் கேட்டே வளர்ந்த பையனுக்கு அது எவ்வளவு பெரிய கனவு என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அதனால்தான் அந்தக் கேள்வி எங்களைத் துரத்திக்கொண்டே இருந்தது: விருதுக்காகச் செய்கிற சேவை சேவையா?

நான் நம் கல்லூரி ரோவர் குழுவில் இருந்த சமயம் நாடு முழுவதும் போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கியது. முதல் சுற்று 1995 டிசம்பர் 9, இரண்டாம் சுற்று 1996 ஜனவரி 20. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல்தான். அன்று நாம் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். இரண்டாம் சுற்றில் பெரியபாளையம் சாலைப் பக்கம் ஒரு பூத்துக்கு எங்களை அனுப்பினார்கள். கூடவே பள்ளிச் சாரணப் பையன்கள் ஆறு பேர். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மருந்து. ஊர்க் குழந்தைகள் காலையிலேயே வந்துவிட்டார்கள். சூளைக் குழந்தைகள் ஒருவர்கூட வரவில்லை.

மழை முடிந்து சூளை வேலை சூடு பிடித்திருந்த நேரம். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து களத்திலேயே குடிசை போட்டிருந்தார்கள். போய்க் கேட்டோம். ஒரு அம்மா நிமிரவே இல்லை. "நான் எழுந்து வந்துட்டா இந்தக் கல்லை யாருப்பா அறுக்கிறது?" என்றார். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. பூத்துக்குப் போய் வர ஒரு மணி நேரம் என்றால் அந்த ஒரு மணி நேரக் காசு போச்சு. மருந்தை ஐஸ் பெட்டியை விட்டு வெளியே எடுத்து வரக்கூடாது என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கும்மிடிப்பூண்டிப் பையன் ஒருவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் பச்சைக் கல்லைப் புரட்டி வைக்கிறேன்." பக்கத்துக் குடிசைக்காரரிடம் தெலுங்கிலும் அதையே சொன்னான். எல்லைப்புறத்துப் பிள்ளை அல்லவா! சிரித்தார்கள். அப்புறம் இரண்டு பேர் கிளம்பினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள். மத்தியானத்துக்குள் களம் முழுக்கக் குழந்தைகளுக்கு மருந்து போட்டாயிற்று. எங்கள் பையன்கள் புரட்டிய கல்லில் கொஞ்சம் உடைந்ததும் உண்மை. மேஸ்திரி ஒரு பாட்டம் திட்டினார்.

சாயங்காலம் திரும்பும்போது அதே பையன், "அண்ணா, கல்லு புரட்டினதுக்கு எத்தனை மணி நேரம் எழுதலாம்?" என்றான். லாக் புக்கில் அதற்குக் கட்டமே இல்லை. "சுகாதாரப் பணி, ஆறு மணி நேரம்" என்று எழுதச் சொன்னேன். அவன் விருதுக்குத்தான் வந்தான், மறைக்கவும் இல்லை. எனக்கு அதில் குறை தெரியவில்லை. அந்த அம்மாவும் "எதுக்குப்பா வந்தே" என்று கேட்கவில்லையே. எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில்: போகாத இடத்துக்குப் போனதாக எழுதி, செய்யாத சேவைக்குக் கையெழுத்து வாங்குகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. ஒரு மரக்கன்று, ஒரு போட்டோ, நாற்பது பேருக்கு சர்டிபிகேட். அதற்குக் கல் உடைத்தவனே மேல்.

போலியோ இல்லாத நாடு என்ற சான்று இந்தியாவுக்குக் கிடைத்தது 2014 மார்ச் 27-ல். பதினெட்டு வருஷம் எத்தனையோ லட்சம் கைகள். அதில் எங்கள் பங்கு ஒரு சூளைக்களம்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியதே, பலருக்குக் காயம். நம் ரயில் பாதை, நெடுஞ்சாலை, சிப்காட், மூன்றுக்கும் நடுவில் முதலுதவி தெரிந்த நாலு பேர் ஊருக்கு வேண்டும். நம் ரோவர் குழுவை மறுபடி எழுப்ப முன்னாள் மாணவர் சங்கத்தில் பேச்சு நடக்கிறது; விருப்பமுள்ளவர்கள் சந்திப்பு நாளன்று என்னிடம் பெயர் கொடுக்கலாம். மூத்தவர்கள் வீட்டுப் பரணில் பழைய லாக் புக் கிடந்தால் கொண்டுவாருங்கள். மை அழிந்திருந்தாலும் பரவாயில்லை.