ஆஸ்க்வித் அமைத்த கூட்டு மந்திரிசபை

இங்கிலாந்தின் இரு கட்சி ஆட்சி முறை எவ்வளவு பிரசித்தமோ, கூட்டு மந்திரிசபைகளின்மேல் அந்நாட்டாருக்குள்ள அவநம்பிக்கையும் அவ்வளவு பிரசித்தம். 1852 டிசம்பரில், இங்கிலாந்து கூட்டு மந்திரிசபைகளை நேசிப்பதில்லை என்று டிஸ்ரேலி காமன்ஸ் சபையில் அடித்துச் சொன்ன சில தினங்களுக்குள்ளாகவே, அவர் அங்கம் வகித்த மந்திரிசபை விழுந்து, அபர்தீன் பிரபுவின் தலைமையில் ஒரு கூட்டு மந்திரிசபை ஏற்பட்டது. கிரிமிய யுத்தத்தின் சீர்கேடுகளை விசாரிக்க வேண்டுமென்று ஒரு பிரேரணை வந்த மாத்திரத்தில், அந்த மந்திரிசபையின் பிரதான அங்கத்தினரான ஜான் ரஸ்ஸல் பிரபுவே முதலில் ராஜீனாமாச் செய்துவிட்டு நகர, 1855 ஜனவரி இறுதியில் அதுவும் கவிழ்ந்தது. எதிர்க்கட்சிக்காரர் வெளியே நின்று செய்ய வேண்டிய காரியத்தைக் கூட்டு மந்திரிசபையிலே சகாக்களே உள்ளே உட்கார்ந்து செய்துவிடுகிறார்கள். இதன் முழு சொரூபத்தையும் காண விரும்புவோர் 1915க்கு வர வேண்டும்.

அந்த வருஷம் மே மாதத்தில், 1908 முதல் பிரதம மந்திரியாயிருந்த ஆஸ்க்வித்துக்கு ஒரே வாரத்தில் இரண்டு இடிகள் விழுந்தன. முதல் உலக யுத்தத்தின் போர்முனையில் பீரங்கிக் குண்டுகளுக்குப் பஞ்சம் என்று ‘டைம்ஸ்’ பத்திரிகை 14ஆம் தேதி அம்பலப்படுத்தியது. மறுநாளே, தார்தனெல்ஸ் படையெடுப்பில் கடற்படை மந்திரி சர்ச்சிலோடு ஒத்துப்போக முடியாமல், கடற்படைத் தளபதி பிஷர் பதவியை உதறினார். 17ஆம் தேதி கன்சர்வேடிவ் தலைவர் போனர் லா, நிதி மந்திரி லாயிட் ஜார்ஜிடம் வந்து நிலைமை இப்படியே நீடிக்க முடியாதென்று சொல்ல, லாயிட் ஜார்ஜ் அவரை ஆஸ்க்வித்திடம் அழைத்துப்போக, லிபரல் கட்சி தனித்து ஆண்ட காலம் அன்றைய சிறு சம்பாஷணையோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அக்கட்சி ஒருபோதும் தனித்து ஆளப்போவதில்லை என்பதை அன்று அம்மூவரில் எவரும் ஊகித்திருக்க நியாயமில்லை.

பதவிகளைப் பங்கிட்டதில் ஆஸ்க்வித்தின் சாமர்த்தியம் முழுவதும் வெளிப்பட்டது. போனர் லாவுக்குக் குடியேற்ற நாட்டு இலாகா. ஒரு பெரிய கட்சியின் தலைவருக்கு அது ஒரு படி கீழான ஸ்தானந்தான். கடற்படை இலாகா பால்பருக்கு. சர்ச்சிலுக்கு லங்காஸ்டர் டச்சியின் சான்சலர் என்ற, வேலை ஏதுமில்லாத பதவி. தொழிற் கட்சியின் ஆர்தர் ஹெண்டர்சன் முதன்முறையாக அக்கட்சியின் பெயரில் மந்திரிசபையில் அமர்ந்தார். ஆனால் ஜெர்மனியிடம் அபிமானமுள்ளவர் என்ற அபவாதத்துக்கு ஆளான ஹால்டேன் பிரபுவைக் கன்சர்வேடிவ்கள் கேட்டபடியே வெளியேற்றியதை, பழைய சிநேகிதர் ஒருவரைப் பலி கொடுத்து வாங்கிய நிம்மதி என்றே நான் கருதுகிறேன். லிபரல்களில் பலர் அதை மன்னிக்கவுமில்லை.

அதே மே மாதத்தில்தான், மந்திரிசபைக் கூட்டங்களுக்கு நடுவிலேயே ஆஸ்க்வித் கடிதங்கள் எழுதிவந்த வெனிஷியா ஸ்டான்லி என்ற மங்கை, தான் எட்வின் மாண்டேகுவை மணக்கப்போவதாக அவருக்குத் தெரிவித்தாள். 1917இல் இந்தியா மந்திரியாகி, அந்த வருஷக் கடைசியில் சென்னைக்கும் வந்து தூதுக்குழுக்களைச் சந்தித்து, 1919ஆம் வருஷத்துச் சீர்திருத்தங்களுக்குக் காரணமாயிருந்த மாண்டேகு இவரேதான்.

கூட்டு மந்திரிசபை பிறந்ததும் சண்டை ஓயவில்லை, இடம் மாறிற்று. முன்பு சபையின் இரு புறமும் எதிரெதிரே நின்ற வாதம் இப்போது லிபரல்களுக்குள்ளேயே நுழைந்தது. கட்டாய ராணுவ சேவையை எதிர்த்து 1916 ஜனவரியில் ஜான் சைமன் விலகினார். அதை வற்புறுத்தியவர்களில் முதல்வரோ, சமாதானப் பிரியர் என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கியிருந்த லாயிட் ஜார்ஜ். ஜூனில் கிச்சனர் கடலில் மாண்டபின் யுத்த மந்திரி ஸ்தானமும் அவருக்கே வந்தது. செப்டம்பரில் ஸோம் யுத்தகளத்தில் மூத்த மகன் ரேமண்டை இழந்த ஆஸ்க்வித் அந்தத் துக்கத்திலிருந்து எழவே நாளாயிற்று. ஒரே உறையில் இரண்டு வாள் இருந்த நிலை இனி நீடிக்கக் கூடியதன்று.

டிசம்பர் முதல் தேதி, யுத்தத்தை நடத்தச் சிலரே கொண்ட ஒரு சிறு கமிட்டி வேண்டும், அதில் பிரதம மந்திரி தலைமை வகிக்க வேண்டாம் என்று லாயிட் ஜார்ஜ் கேட்டார். நெருக்கடி இவ்வளவு முற்றியிருந்தும் ஆஸ்க்வித் வாரக் கடைசிக்காக வால்மர் கோட்டைக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். இதைத் தைரியம் என்பதா, அலட்சியம் என்பதா? ஞாயிற்றுக்கிழமை கன்சர்வேடிவ் மந்திரிகள் கூடி அவர் ராஜீனாமாச் செய்ய வேண்டுமென்று தீர்மானித்தனர். அன்று மாலை ஆஸ்க்வித்தும் லாயிட் ஜார்ஜும் ஏறக்குறைய ஒரு சமரசத்துக்கு வந்தும்விட்டார்கள். திங்கட்கிழமைக் காலையில் ‘டைம்ஸ்’ அதைப் பிரதம மந்திரியின் தோல்வி என்று தோன்றும்படி எழுத, கௌரவம் புண்பட்ட ஆஸ்க்வித் பின்வாங்கினார். செவ்வாயன்று லாயிட் ஜார்ஜ் விலகினார். அன்று மாலையே ஆஸ்க்வித்தும் விலகினார். புதனன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பக்கிங்ஹாம் அரண்மனையில் தலைவர்களைக் கூட்டியபோது, காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த பால்பர் உட்பட அனைவரும் எடுத்துச் சொல்லியும், போனர் லாவின் கீழ் வேலை செய்ய ஆஸ்க்வித் சம்மதிக்கவில்லை. தம்மையன்றி எவராலும் மந்திரிசபை அமைக்க முடியாதென்று அவர் நம்பினார் போலும். 7ஆம் தேதி இரவு லாயிட் ஜார்ஜ் பிரதம மந்திரி.

அவர் ஐவர் கொண்ட யுத்த மந்திரிசபையை அமைத்து, ஹாங்கி என்பவரைக் காரியதரிசியாக்கி, அதுவரை இல்லாத வழக்கமாகக் கூட்ட நடவடிக்கைகளை எழுதிவைக்கச் செய்தார். இருப்பினும் அவருக்குக் கட்சி என்று ஒன்று இல்லை. 1918 டிசம்பர்த் தேர்தலில், அவரும் போனர் லாவும் கையெழுத்திட்டுத் தங்கள் ஆதரவு பெற்ற வேட்பாளர்களுக்குக் கொடுத்த நற்சாட்சிக் கடிதத்தை, ரேஷன் ‘கூப்பன்’ என்று ஆஸ்க்வித் பரிகசித்தார். பரிகசித்தவரோ 32 வருஷமாகப் பிரதிநிதித்துவம் வகித்த ஈஸ்ட் பைஃப் தொகுதியையே இழந்தார். லாயிட் ஜார்ஜுக்குக் கிடைத்த பெரும்பான்மை கன்சர்வேடிவ்களுடையது. அதைக் கொடுத்தவர்கள் எடுத்துக்கொள்ள நாலு வருஷம் சென்றது. ஐரிஷ் உடன்படிக்கை, பட்டங்களை விலைக்கு விற்றார் என்ற குற்றச்சாட்டு, துருக்கியோடு மீண்டும் யுத்தம் மூட்டப் பார்த்த சனாக் விவகாரம் எல்லாம் சேர்ந்துவிட, 1922 அக்டோபர் 19ஆம் தேதி கார்ல்டன் கிளப்பில் கன்சர்வேடிவ் அங்கத்தினர்கள் கூடி, 187க்கு 87 என்ற வாக்கில் தனித்து நிற்பதென்று முடிவு செய்தனர். கூட்டணி தொடர வேண்டுமென்று வாதாடித் தோற்றவர் அக்கட்சியின் தலைவரான ஆஸ்டின் சேம்பர்லேன். எதிர்த்துப் பேசியவர்களுள் ஒருவர், ஆறு வருஷங்களுக்கு முன் லாயிட் ஜார்ஜை ஏற்றிவைத்த அதே போனர் லா. அன்று பிற்பகலே லாயிட் ஜார்ஜ் ராஜீனாமாச் செய்தார். 1945இல் இறக்கும் வரையில் அவர் மறுபடி மந்திரி பதவி எதையும் வகிக்கவில்லை.

சுதந்திர வர்த்தகத்தைக் காக்க 1923 தேர்தலில் ஆஸ்க்வித்தும் அவரும் மறுபடி கைகோத்தார்கள். ஆனால் லாயிட் ஜார்ஜ், தாம் தனியே சேர்த்து வைத்திருந்த அரசியல் நிதியைக் கட்சியின் பொக்கிஷத்தில் சேர்க்க இணங்கவில்லை. அந்தப் பணத்தைப் பற்றிய தகராறு, 1926இல் ஆஸ்க்வித் தலைமையைத் துறந்து போகும்வரை தீரவே இல்லை.