உமுன்னாவா, ந்வன்னேயா?

ஹூஸ்டனிலோ லண்டனிலோ ஆகஸ்டு மாதத்தில், நைஜீரியாவிலிருந்து வந்து குடியேறிய இக்போ மக்களின் சங்கம் புதுக்கிழங்கு விழா எடுக்கும். மூத்தவர் ஒருவர் கோலாக்கொட்டையைக் கையில் ஏந்தி, இக்போ மொழியிலேயே வாழ்த்துச் சொல்லி உடைப்பார். கோலாவுக்கு ஆங்கிலம் கேட்காது என்பது அவர்கள் வழக்கு. சுட்ட பெருவள்ளிக்கிழங்கு பங்கிடப்படும். அதன்பின் மேடையேறுபவர்களில் யாராவது ஒருவர், 'ஹீப்ரு' என்ற சொல்லே 'ஹீபோ' ஆகி, 'ஈபோ' ஆகி, கடைசியில் 'இக்போ' ஆயிற்று என்று முழங்குவதை அடிக்கடி கேட்கலாம். அரங்கம் கைதட்டும். அங்கே பிறந்து வளரும் பிள்ளைகள் அதையே வரலாறாக மனத்தில் பதித்துக்கொள்வார்கள்.

இந்த வேர்விளக்கம் பொருந்தாது.

'இக்போ' என்று தமிழில் எழுதும்போது ககரமும் பகரமும் மயங்கி நிற்பதுபோலத் தெரிகிறது. அது எழுத்தின் குறை. அங்கிருப்பது ஓரொலி: அடிநா மேலண்ணத்தையும் இதழிரண்டும் ஒன்றையொன்றும் ஒரே நொடியில் தொட்டுப் பிறப்பது. ஐரோப்பியர் வாயில் அது நுழையவில்லை. ஆகவே 'ஈபோ' என்று எழுதிவைத்தார்கள். அந்தப் பிழையெழுத்தை எடுத்துக்கொண்டு எபிரேயம் வரை போவது, 'டூட்டிகொரின்' என்ற ஆங்கில எழுத்தை வைத்துத் தூத்துக்குடிக்கு வேர் தேடுவதற்கு ஒப்பாகும். 1789-இல் தன் வரலாற்றை எழுதிய ஒலவுடா ஈக்வியானோ தம் மக்களின் பழக்கங்களையும் யூதர்களின் பழக்கங்களையும் ஒப்பிட்டார், உண்மை. அவர் ஒப்பிட்டவை விருத்தசேதனம், பெயரிடுதல், தூய்மைச் சடங்கு போன்ற வழக்கங்கள். வழக்கம் ஒத்தால் சொல்லும் ஒக்கும் என்று கொண்டது பின்வந்தவர்களின் ஆர்வம்.

இக்போ ஏற்ற இறக்க மொழி என்பதையும் இவர்கள் மறந்துவிடுகிறார்கள். 'அக்வா' என்ற ஒரே எழுத்துக்கோவை, குரல் ஏறி இறங்கும் இடத்தைப் பொறுத்து அழுகை, துணி, முட்டை, கட்டில் என நான்காகப் பிரியும். 'ம்பா' ஒரு குரலில் அயலூர், இன்னொரு குரலில் 'இல்லை'. குரலைக் கேட்காமல் எழுத்தை மட்டும் பார்த்துச் செய்யும் சொல்லாராய்ச்சி இம்மொழியில் ஓரடிகூட நகராது.

அந்தப் பெயரைப் பற்றி உறுதியான சான்று வேண்டுமென்றால் சியரா லியோனுக்குத்தான் போகவேண்டும். அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டவர்களை ஆங்கிலேயர் அங்கே குடியமர்த்தினார்கள். அவர்களிடம் கேட்டுக் கேட்டு நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்க மொழிகளின் சொற்களைத் தொகுத்தவர் கோலே என்ற ஜெர்மானியப் பாதிரியார். தொகுப்பு 1854-இல் வெளிவந்தது. 'இக்போ' எனக் குறிக்கப்பட்டவர்கள், அந்தப் பெயரைச் சியரா லியோனுக்கு வந்த பிறகே கேள்விப்பட்டதாக அவரிடம் சொன்னார்கள். சொந்த மண்ணில் ஒவ்வொருவரும் தத்தம் வட்டாரத்தின் பெயரால் மட்டுமே அறியப்பட்டிருந்தனர். நாடு விட்டுப் போன இடத்தில்தான் 'நாம் எல்லாரும் ஒரே மக்கள்' என்ற எண்ணத்துக்கு ஒரு பொதுப்பெயர் தேவைப்பட்டது. அயலகச் சங்கத்தின் கதையும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அயலகச் சங்கத்துக்கு இக்போக்கள் வைக்கும் பெயர்களில் அடிக்கடி காணப்படும் சொல் 'உமுன்னா'. உமு என்றால் மக்கள், பிள்ளைகள். ன்னா என்றால் தந்தை. ஒரே தந்தைவழி வந்த பங்காளிக் கூட்டமே உமுன்னா. ஊர்ப்பெயர்களின் தலையிலும் இந்த 'உமு' உண்டு. இக்போ எழுத்தாளர் சினுவா ஆச்சிபியின் நாவலைத் தமிழில் 'சிதைவுகள்' என்று படித்தவர்களுக்கு உமுவோஃபியா நினைவிருக்கும்: உமு, ஓஃபியா, அதாவது காட்டின் மக்கள். உமுன்னாவின் பெண்பால் இணை உமுஆடா. பிறந்த வீட்டின் மகளிர், மணமாகி வேற்றூர் போனவர்கள். பிறந்த வீட்டில் சாவென்றால் அவர்கள் திரண்டு வருவார்கள். அவர்கள் தீர்ப்புக்கு ஆண்களும் அஞ்சுவார்கள்.

ஆக, அயலகச் சங்கம் உமுன்னாவின் நீட்சி என்று பெயர்ப்பலகையைப் படித்தவர்கள் சொல்கிறார்கள். இன்னொரு சாரார் இதையும் மறுப்பார்கள்: சங்கம் என்ற அமைப்பே ஆங்கிலேயர் கொடுத்தது, 'யூனியன்', 'மீட்டிங்' என்று ஆங்கிலச் சொல்லைத்தானே புழங்குகிறார்கள் என்பார்கள். லாகோஸில் இக்போ யூனியன் 1936-இல் அமைந்தது. அதைச் சுற்றியும் அதற்கு முன்பும் ஊர்ச் சங்கங்கள் பல எழுந்தன. பெரும்பாலானவற்றின் வாலில் 'யூனியன்' இருந்தது. 1966 மே மாதத்தில் ராணுவ அரசு கட்சிகளோடு இனச் சங்கங்களையும் கலைத்தபோது கலைந்தவையும் யூனியன்களே.

பெயர் இரவல் என்பதால் பொருளும் இரவல் ஆகிவிடாது. கடைவீதியில் தொழில் பழக ஒரு பையனைச் சேர்த்துவிடுவதற்கு 'இக்பா போயி' என்று பெயர். போயி என்பது ஆங்கில 'பாய்'தான். ஆனால் சில ஆண்டுகள் உழைத்த பையனுக்கு முதலாளியே முதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துத் தரும் அந்த முறையை எந்த ஆங்கிலேயனும் கற்றுக்கொடுக்கவில்லை. 'இசூசூ'வில் பெயர்கூட ஐரோப்பிய இரவல் இல்லை. மாதந்தோறும் எல்லாரும் பணம் போட்டு, ஒவ்வொருவராக மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் முறை. நம்மூர் ஏலமில்லாச் சீட்டு. யொரூபாவில் 'ஈசூசூ'. டிரினிடாட் தீவில் 'சூசூ' என்பார்கள். பிரெஞ்சு நாணயமான 'சூ' இரட்டித்து வந்த சொல் என்று அங்கே ஒரு விளக்கம் உலவுகிறது; எழுத்துக்கூட்டலையும் அதற்கேற்பவே வைத்துக்கொண்டார்கள். யொரூபாவுக்கு முதல் அகராதி செய்த சாமுவேல் க்ரௌதர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இச்சொல்லைப் பொருளோடு பதிந்திருக்கிறார். பிரெஞ்சு நாணயத்துக்கு அங்கே வேலையில்லை.

இந்த வரிசையில் கனமான சான்று 'மிகிரி'. இக்போப் பெண்களின் கூட்டத்துக்குப் பெயர் அது. 'மிதிரி' என்றும் வரும். ஆங்கில 'மீட்டிங்' திரிந்து வந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை இல்லை. அங்கே என்ன நடந்தது என்று ஜூடித் வான் ஆலன் 1972-இல் எழுதிய கட்டுரையைப் பார்க்கவேண்டும். சந்தை விலையைப் பற்றி விதி வகுத்தார்கள். மனைவியைக் கொடுமைப்படுத்தும் ஆணின் வீட்டைச் சூழ்ந்து, அவன் வழிக்கு வரும்வரை பாடி ஆடி அமர்ந்தார்கள். 1929 நவம்பரில் ஓலோகோ என்ற ஊரில் தலையெண்ண வந்தவனோடு ந்வன்யெருவா என்ற பெண் மல்லுக்கு நின்றபோது, பெண்களுக்கு வரி வரப்போகிறது என்ற செய்தி பனையோலையோடு ஊர் ஊராகப் போனது இந்த மிகிரிகளின் வழியாகத்தான். பல்லாயிரம் பெண்கள் திரண்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். ஆங்கிலேயர் கற்றுக்கொடுத்த மீட்டிங்காக இருந்தால் ஆங்கிலேயருக்கு அது இப்படிப் புரியாமல் போயிருக்குமா?

மிகிரியில் கூடிய பெண்கள் யார் என்ற கேள்வியில்தான் இந்தச் சொல்லாராய்ச்சியின் முடிச்சு இருக்கிறது. இக்போக்கள் சொந்த உமுன்னாவுக்குள் பெண் எடுப்பதில்லை. எனவே ஒரு கிராமத்தின் மனைவிமார் பெரும்பாலும் வேற்றூரில் பிறந்தவர்கள். அவர்களுக்குப் பொதுத் தந்தை இல்லை, பொதுக் காணி இல்லை; வந்து சேர்ந்த இடம் மட்டுமே பொது. பிறந்த மண்ணைவிட்டு வந்தவர்கள் கூடித் தங்களுக்குள் விதி செய்து, ஒருத்திக்குக் கேடு வந்தால் எல்லாரும் எழுந்து நின்ற அமைப்பு. ஹூஸ்டன் சங்கத்தின் மூதாய் இவள். உமுன்னா அன்று.

உமுன்னா என்பது நிலத்தோடு கட்டிய சொல். தந்தைவழிக் காணியில் பங்குள்ளவர்களே அதில் உறுப்பினர். பங்கு இருக்கும் இடத்தில் பூசலும் இருக்கும். பங்காளிக் காய்ச்சல் என்றால் என்னவென்று தமிழருக்கு விளக்கவேண்டாம். 'உமுன்னா பூ இகே', பங்காளிகளே பலம், என்று இக்போக்கள் சொல்வது உண்மை. எல்லைக் கல்லைப் பெயர்த்து நடுபவர்களும் அதே பங்காளிகள்தான். இதற்கு எதிரே நிற்கும் சொல் 'ந்வன்னே'. மெய்யெழுத்தில் சொல் தொடங்குவதைத் தொல்காப்பியர் ஒப்பமாட்டார். இச்சொல்லை வேறு வகையில் எழுத வழியில்லை. ந்வா, பிள்ளை, ன்னே, தாய். தாயின் பிள்ளை. பன்மையில் உமுன்னே. ஒருவன் பல மனைவியரை மணந்த காலத்தில் ஒரே முற்றத்தில் தந்தையின் பிள்ளைகள் பலர் இருந்தார்கள். ஒரே குடிசையில், ஒரே பானையில் உண்டவர்கள் ஒரு தாயின் பிள்ளைகள். நெருக்கத்தின் சொல் ஆகவே தாயிடம் போயிற்று. நாம் புழங்கும் 'சகோதரன்' என்ற வடசொல்லும் ஒரே உதரம் என்றுதான் சொல்கிறது. கிரேக்க 'அதெல்ஃபோஸ்' அதையே சொல்கிறது.

சங்கத்தின் வேர் உமுன்னாவே என்பவர்களின் வலுவான சான்று வேதாகமம். தாமஸ் டென்னிஸ் பாதிரியார் முன்னின்று முடித்த 1913-ஆம் ஆண்டு இக்போ மொழிபெயர்ப்பில் 'சகோதரரே' என்று விளிக்கும் இடங்களில் உமுன்னா வருகிறது. அந்த மொழிபெயர்ப்பு ஐந்து வட்டார வழக்குகளைக் குழைத்துச் செய்த 'யூனியன் இக்போ'வில் இருக்கிறது. அப்படி ஒரு மொழியை எந்த ஊரிலும் எவரும் பேசியதில்லை. ஆச்சிபி அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. மேலும் மூலத்தில் இருப்பது அதெல்ஃபோஸ். கருவறையைச் சொல்லும் கிரேக்கச் சொல்லைத் தந்தையைச் சொல்லும் இக்போச் சொல்லாக மாற்றியது குழுவின் முடிவு. அதை மக்கள் வழக்குக்குச் சான்றாகக் காட்டுவது தகாது.

மக்கள் வழக்கு வேறாக இருக்கிறது. முன்பின் தெரியாத இக்போ ஒருவனை விமான நிலையத்தில் கண்டால் வாயில் வரும் விளி 'ந்வன்னே ம்', என் தாயின் பிள்ளையே. பனியன் வாங்கத் திருப்பூர்க் காதர்பேட்டைக்கு வந்த நைஜீரிய வணிகர்களில் இக்போக்களும் உண்டு. அங்குள்ள கடைக்காரர்கள் காதிலும் இந்தச் சொல் விழுந்திருக்கும். 'ஓன்யே அகாலா ந்வன்னே யா' என்பது ஊர்தோறும் சொல்லப்படும் கட்டளை: உடன்பிறந்தவரை யாரும் விட்டுவிட்டுப் போகக்கூடாது. 1970-இல் பியாஃப்ராத் தனிநாட்டுப் போர் இக்போக்களின் தோல்வியில் முடிந்தபோது, அவர்கள் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருந்தாலும் இருபது பவுன்தான் கையில் கொடுத்தார்கள். அந்த நிலையிலிருந்து அவர்கள் மீண்டது இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான்.

ஆச்சிபியின் முதல் இரண்டு நாவல்களையும் சேர்த்துப் படித்தால் இது இன்னும் தெளிவாகும். 'சிதைவுகள்' நாயகன் ஒகோன்க்வோ குற்றம் நேர்ந்து நாடு கடத்தப்பட்டபோது ஏழாண்டு அடைக்கலம் கொடுத்தது தாயின் ஊரான ம்பாந்தா. தாய்மாமன் உச்செந்து, 'ன்னேகா', தாயே பெரியவள், என்ற பெயரைப் பெண்களுக்கு ஏன் வைக்கிறோம் என்று அவனுக்கு விளக்குகிறார். நல்ல காலத்தில் தந்தையின் நாடு, துன்பத்தில் தாயின் நாடு. 1960-இல் வந்த அடுத்த நாவலில் அவன் பேரன் ஓபியை இங்கிலாந்துக்கு அனுப்ப உமுவோஃபியா முன்னேற்றச் சங்கம் எண்ணூறு பவுன் திரட்டுகிறது. அவன் லஞ்ச வழக்கில் சிக்கியபின் லாகோஸ் கிளை கூடுகிறது. அவன்மீது அவர்களுக்கு நிறையக் கோபம் இருக்கிறது. ஆனாலும் வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்க முடிவெடுக்கிறார்கள். பங்காளி கணக்குப் பார்த்திருப்பான். அங்கே பேசியது தாய்.

அயலகச் சங்கம் நடைமுறையில் செய்வதும் இதுவே. நாலைந்து குடும்பங்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவதில் தொடங்கும். சந்தா, வருகைப் பதிவேடு, தாமதமாக வந்தால் அபராதம். புதிதாக வந்திறங்கியவனுக்குப் படுக்க இடம், குளிருக்கு ஒரு கோட்டு, வேலைக்கு ஒரு வழி. பிள்ளைகளுக்கு ஞாயிறு மொழி வகுப்பு. இசூசூ ஓடும். ஒருவர் இறந்தால் எல்லாரிடமும் வரி வசூலித்து உடலை ஊருக்கு அனுப்புவார்கள். அயல்மண்ணில் புதைப்பது பெருங்குறையாகவே கருதப்படுகிறது. பிறகுதான் பதிவெண், சட்டதிட்டம், தேர்தல், தேர்தல் தகராறு எல்லாம் வரும். 'அகு ருவோ உலோ', செல்வம் வீடு வந்து சேரட்டும், என்பதற்கிணங்க ஊரில் பள்ளியும் மருத்துவமனையும் கட்டுவார்கள். ஆண்டுதோறும் வெளியூர்களிலிருந்து பெண்கள் ஊர் திரும்பிக் கூடும் கூட்டத்துக்கு இன்றைக்கும் 'ஆகஸ்ட் மீட்டிங்' என்றே பெயர். மிகிரியின் குரல் அதில் அப்படியே கேட்கிறது.

பங்கிடக் காணி இல்லாத இடத்தில் உமுன்னா என்ற சொல்லிலிருந்து பங்கு உதிர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது ஒரே பானை. ஆகவே பலகையில் உமுன்னா என்றே எழுதிக்கொண்டாலும் அச்சங்கத்தின் வேர்ச்சொல் ந்வன்னே என்பதே துணிபு. இக்போக்களிடம் 'ந்வன்னே தி நா ம்பா' என்ற வழக்கு உண்டு: தாயின் பிள்ளை அயலூரிலும் இருக்கிறான். இதை மறுப்பவர்கள், தந்தையின் பிள்ளை அயலூரில் இருக்கிறான் என்று சொல்லும் ஒரு பழைய வழக்கையாவது காட்டட்டும்.