கவலை போயிற்று, கவலை போகவில்லை



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தான்: "சார், விவசாயிக்குத்தான் கரண்ட் ஃப்ரீ ஆச்சே, அப்புறமும் ஏன் புலம்பறாங்க?" கிண்டலுக்காகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான். அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே போடுகிறேன். வரலாற்றுப் பாடம் நடத்தி வெகுநாள் ஆயிற்று, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல். மாடு கட்டிக் கிணற்றில் நீர் இறைக்கும் அமைப்பைப் பல ஊர்களில் கமலை என்பார்கள், சில ஊர்களில் கபிலை. நம் கொங்குப் பக்கம் அதற்குப் பெயர் கவலை. மனக்கவலைக்கும் அதே சொல்தான். "காலையிலிருந்து கவலை ஓட்டறேன்" என்று எங்கள் அப்பாரு சொன்னால் இரண்டுமே பொருந்தும்.

இளையவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு வாரி இறங்கும். ஒரு ஜோடி மாடு வடக்கயிற்றை இழுத்துக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கும்போது, உருளை வழியாகச் சால் மேலே ஏறும். சாலின் அடியில் தோல் தும்பி. வால்கயிற்றைத் தளர்த்தினால் தும்பி வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். மாடு பின்னோக்கி ஏறும், சால் மறுபடி கிணற்றுக்குள் போகும். விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுவார்கள். வெயில் ஏறினால் மாடு தாங்காது.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. மாடு களைத்தால் நிறுத்தியே ஆகவேண்டும். நிறுத்தினால் கிணற்றில் ஊற்று ஊறும். மாட்டுக்கு ஓய்வு என்றால் கிணற்றுக்கும் ஓய்வு. எவ்வளவு ஆசை இருந்தாலும் ஒரு ஜோடி மாடு இறைக்கும் தண்ணீருக்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. அது சட்டம் போட்டு வந்த கட்டுப்பாடு அல்ல, மாட்டின் மூச்சு போட்ட கட்டுப்பாடு.

அடுத்து மின்சாரம். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. கோவையின் நூற்பாலைகள் அதனால் பெருகின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். 1957இல் தமிழ்நாடு மின்சார வாரியம் அமைந்தது. காமராசர் காலத்திலும் அதற்குப் பின்னும் கம்பம் ஊர் ஊராக நடந்து வந்தது. எங்கள் தோட்டத்துக்குக் கம்பி வந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. சுவிட்சைப் போட்டதும் குழாயில் தண்ணீர் பீறிட்டதைப் பார்க்க ஊரே வந்து நின்றது. அந்த வருடமே கவலை மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டார்கள்.

ஆனால் மாட்டுக்குத் தீனி நம் காட்டிலேயே விளைந்தது, சோளத்தட்டும் கொழுக்கட்டைப் புல்லும். மோட்டாருக்குத் தீனி காசாகக் கட்ட வேண்டும். விளைச்சல் கைக்கு வரும் முன்பே பில் வந்துவிடும். அதைக் கட்டக் கடன், கடனைக் கட்ட அவசர விற்பனை, அவசரத்தில் விற்றால் அடிமாட்டு விலை. இது புரிந்தால்தான் இரண்டு பைசாவுக்காக மனிதர்கள் ஏன் உயிரைக் கொடுத்தார்கள் என்பது புரியும்.

1970இல் விவசாய மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்ந்தது. கோவை மாவட்ட விவசாயிகள் எதிர்த்து எழுந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 19 அன்று, திருப்பூர் பக்கத்துப் பெருமாநல்லூரில் காவல்துறை சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். உயர்த்திய இரண்டு பைசாவில் ஒரு பைசா குறைந்தது. மூன்று உயிர், ஒரு பைசா. இந்தக் கணக்கை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் இறங்கிவிடும்.

1972இல் மறுபடி கட்டணம் உயர்ந்தது. இந்த முறை ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் கோவை நகருக்குள் நுழைந்து தெருக்களை அடைத்து நின்றன. ஜூலை 5ஆம் தேதி மாநிலத்தில் பல இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்து, பத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் உயிரிழந்தார்கள். இந்தப் போராட்டங்களை முன்னின்று நடத்தியவர் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு. பெரிய படிப்பு படித்தவரல்ல. ஆனால் பில்லையும் விளைபொருள் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்.

1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமானது. அதே ஆண்டு டிசம்பரில் நாயுடு காலமானார். பிறகு கலைஞர் ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் அது விரிந்தது. 2003இல் கட்டணம் திரும்ப வந்தது, 2004 மக்களவைத் தேர்தல் முடிந்ததும் போய்விட்டது. ஆக, தம்பி, 'ஃப்ரீ' என்று நீ சொல்வது யாரோ தூக்கிக் கொடுத்த தானமல்ல. அதற்கு விலை கொடுத்தவர்களுக்குப் பெருமாநல்லூரில் நினைவுத் தூண் இருக்கிறது.

சரி, பில் போயிற்று. கவலை போயிற்றா?

இங்கே கொஞ்சம் அறிவியல். மேலே உட்கார்ந்திருக்கும் பம்பு தண்ணீரை உறிஞ்சித் தூக்க ஓர் எல்லை உண்டு. காற்றழுத்தம் தருவது அதிகபட்சம் 34 அடி. நடைமுறையில் 20, 25 அடிக்கு மேல் ஏறாது. நீர்மட்டம் இறங்க இறங்க, கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரையும் கீழே இறக்கினார்கள். மழை பெய்து திடீரென்று தண்ணீர் ஏறினால், நடுராத்திரியில் அரிக்கேன் விளக்குடன் ஓடி, கயிறு கட்டி மோட்டாரை மேலே தூக்க வேண்டும். தாமதித்தால் மோட்டார் முங்கிவிடும். மழை வந்தால் சந்தோஷப்பட வேண்டிய விவசாயி, மழைக்குப் பயந்து தூங்காமல் கிடந்த கூத்து அது.

கரண்ட் வரும் நேரமும் நம் கையில் இல்லை. மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டுகளில் மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, பாம்புக்குப் பயந்து டார்ச் அடித்துக்கொண்டு போய் மடை மாற்ற வேண்டும். லோ வோல்டேஜில் ஓட்டினால் காயில் எரியும். ரீவைண்டிங் கடையில் மூன்று நாள். அதற்குள் தக்காளிச் செடி தலை சாய்த்துவிடும்.

மாடு போனதோடு, அந்த மாட்டின் மூச்சு போட்டிருந்த கட்டுப்பாடும் போய்விட்டது. மோட்டாருக்குக் களைப்பு இல்லை, மீட்டரும் இல்லை. கிணற்றில் தண்ணீர் உள்ளவரை ஓடும். ஊற வேண்டிய ஊற்றுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின்இணைப்புகள். திறந்த கிணறு வற்றியதும் ஆழ்துளைக் கிணறு, அதில் நீர்மூழ்கி மோட்டார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன, நம் ஊருக்கும் வருகின்றன. கோவை, திருப்பூர் பக்கம் ஆயிரம் அடி போவது இப்போது அதிசயமே இல்லை.

சிறு விவசாயி மாட்டிக்கொள்வது இங்கேதான். கரண்ட் எல்லோருக்கும் ஃப்ரீ. போர் யாருக்கும் ஃப்ரீ இல்லை. வசதியுள்ளவர் 900 அடி போட்டால், பக்கத்துக் காட்டுக்காரரின் 400 அடி போர் காற்றை ஊதும். அவரும் நகையை அடகு வைத்து 1000 அடி போட வேண்டும். புகை மட்டும் வந்தால் அந்தப் பணம் மண்ணோடு போயிற்று. ரிக் வண்டிக்காரருக்குத் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடிக் கணக்கில் கூலி உண்டு.

நிலமும் சுருங்கிவிட்டது. வேளாண் கணக்கெடுப்பின்படி, 1970-71இல் தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரி 1.45 ஹெக்டேர். 2015-16இல் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. எங்கள் அப்பாருக்கு ஆறு ஏக்கர், அப்பாவுக்கு இரண்டு. கிணற்றில் மூன்று பங்கு, ஆளுக்கு இரண்டு நாள் முறை. ஏழாவது நாள் கிணறு சும்மா இருக்கும். அப்பாரு போட்ட ஏற்பாடு அது. பங்காளிகள் தனித்தனியாகப் போர் போட்ட பிறகு அந்த ஏழாவது நாளும் போய்விட்டது. இன்று அந்தக் கிணறு குப்பை கொட்டும் குழி. மூன்று போரில் இரண்டு வற்றிவிட்டன.

இலவச மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை எடுத்துவிட்டால் முதலில் விழுபவர் இரண்டு ஏக்கர்க்காரர்தான். அந்தப் போராட்டம் பில்லை ஒழித்தது, அது நியாயமான வெற்றி. ஆனால் கம்பியில் வந்த நியாயம் பூமிக்கடியில் இன்னும் வரவில்லை. மேலே எல்லோரும் சமம், கீழே ஆழம் போனவருக்கே தண்ணீர். சொட்டுநீருக்கு அரசு சிறு விவசாயிகளுக்கு முழு மானியம் தருகிறது, வாங்கிக்கொள்ளுங்கள். வற்றிய கிணற்றை மூடாமல் மழைநீரை அதற்குள் திருப்புங்கள். பங்காளியோடு பேச்சு இருந்தால் முறையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பேச்சு இல்லாவிட்டால், பேசத் தொடங்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் எழுபது, எண்பது வயதில் பெரியவர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: நம் கிணற்றை யார் வெட்டியது? எத்தனை அடி? கவலை எந்த வருடம் நின்றது? முதல் போர் எத்தனை அடி, கடைசிப் போர் எத்தனை அடி? ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், கீழேயும் பதிவிடுங்கள். நம் ஊர்க் கிணறுகளுக்கு வரலாறு எழுத வேறு யாரும் வரப்போவதில்லை. மதிப்பெண் உண்டு.