மலோரி டவர்ஸும் மண்முனைத் துறையும்

எனிட் பிளைட்டனின் ‘மலோரி டவர்ஸ்’ வரிசையை (1946–1951, ஆறு புத்தகங்கள்) பிள்ளைகளோடு சேர்ந்து திரும்பவும் வாசித்தோம். கடலோர விடுதிப் பாடசாலை, நான்கு கோபுரம், நள்ளிரவு விருந்து, முன்கோபக்காரி டெரல். இப்பவும் ருசிதான்.

இந்தக் கதை வகை பழையது. 1749இலேயே சாரா பீல்டிங் ஒன்பது விடுதிப் பிள்ளைகளை வைத்து எழுதினார்; தொடங்குவதே அப்பிள் பழச் சண்டையில்!

எங்கட நாட்டில் விடுதி நிஜமாகவே வந்தது, 1824இல் உடுவிலில், அமெரிக்க மிஷனரிமாரோடு. அதைப் பற்றிய கதைப் புத்தகம் ஒன்றுகூட எங்கட வகுப்பு அலுமாரியில் இல்லை. கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கிய சித்திலெப்பை 1885இல் எழுதிய ‘அசன்பேயுடைய கதை’யிலும் நாயகன் ஆண்பிள்ளைதான்.

டெரல் ரயிலில் போனாள். படுவான்கரைப் பிள்ளைகளோ 2014இல் பாலம் திறக்கும்வரை மண்முனைத் துறையில் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். விடுதியில் ஒரு கட்டில் கிடைத்தவள் மேலே படித்தாள். கிடைக்காதவள் பலநேரம் வீட்டோடு நின்றாள்.

இரண்டாவது புத்தகத்தில் எலன் என்றொருத்தி வருகிறாள். புலமைப்பரிசிலில் வந்தவள், வீட்டில் காசுக் கஷ்டம், விழுந்து விழுந்து படித்தே நோயாகிறாள். பிளைட்டனுக்கு அவள் ஓரத்துப் பிள்ளை. எங்கட பிள்ளைகள் டெரலை விட்டுவிட்டார்கள். “எலனுக்குப் பிறகு என்ன நடந்தது டீச்சர்?” என்றுதான் இன்னும் கேட்கிறார்கள்.