டார்வினின் தோழர் வாலஸும் அம்மைத் தடுப்பூசியும்

பரிணாமக் கொள்கை என்றதும் நமக்கெல்லாம் டார்வின்தான் ஞாபகத்துக்கு வருவார். அவரோடு சேர்த்து ஒரே ஒரு வரியில் இன்னொரு பெயரையும் பார்த்திருப்போம்: ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். மலாய்த் தீவுகளில் எட்டு வருடம் பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்துக்கொண்டே, டார்வினின் துணையில்லாமல் இயற்கைத் தேர்வைக் கண்டுபிடித்தவர். 1858-ல் இருவரின் கட்டுரைகளும் லண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒரே நாளில் வாசிக்கப்பட்டன.

இந்த மேதைக்கு இன்னொரு முகம் உண்டு. பெரியம்மைத் தடுப்பூசி பயனற்றது, ஆபத்தானது என்று வாழ்நாளின் கடைசி முப்பது ஆண்டுகள் பிரசாரம் செய்தவர் அவர். விவரம் தெரியாதவர்கள்தான் தடுப்பூசியை எதிர்ப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாலஸைப் பற்றிப் படித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

முதலில் கொஞ்சம் பின்னணி. இங்கிலாந்தில் க்ளாஸ்டர்ஷயரைச் சேர்ந்த பெர்க்லி என்ற ஊரில், 1796-ல் எட்வர்ட் ஜென்னர் என்ற மருத்துவர், பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து எட்டு வயதுப் பையனின் கையில் கீறி வைத்தார். பிறகு பெரியம்மைச் சீழையே வைத்துப் பார்த்தும் பையனுக்கு நோய் வரவில்லை. நம் தாத்தா பாட்டிகள் 'அம்மை குத்துவது' என்று சொன்னது இந்த வழியில் வந்ததுதான். 1853-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கைக்குழந்தைகளுக்கு இது சட்டப்படி கட்டாயமானது.

எதிர்ப்பும் உடனே கிளம்பியது. அந்த எதிர்ப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அன்றைக்கு ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுத்த நீரை அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள். சில சமயம் அதோடு மேகநோய் போன்ற வேறு நோய்களும் தொற்றின. ஊசி போடாவிட்டால் அபராதம். கட்ட முடியாத ஏழைக்குச் சாமான் ஜப்தி அல்லது சிறை. பணக்காரன் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடுவான். பதினான்கு வயதிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்தி, வறுமையை அறிந்து வளர்ந்த வாலஸுக்கு இது பொறுக்கவில்லை.

இதுவரை அவர் பக்கம்தான் நானும். ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. சட்டம் அநியாயம் என்பதிலிருந்து ஊசியே பொய் என்பதற்குத் தாவினார். 1885-ல் அரசின் 45 ஆண்டு இறப்புப் பதிவேடுகளை வைத்து ஒரு பிரசுரம் வெளியிட்டார். அவர் வாதம் இதுதான்: அம்மைச் சாவு குறைந்ததற்குக் காரணம் சுகாதாரம், ஊசி பரவலான பிறகும் 1871-72-ல் பெரும் கொள்ளைநோய் வந்ததே, செத்தவர் ஊசி போட்டவரா இல்லையா என்று டாக்டர்கள் எழுதியதை நம்ப முடியாது.

உண்மையைச் சொன்னால், படிக்கும்போது எனக்கே ஒரு நிமிடம் சரிதானோ என்று தோன்றியது. எங்கே தவறு?

ஒன்று, அவர் மொத்தச் சாவுகளை முக்கியமாகப் பார்த்தார். வயதுவாரியாகப் பிரித்தால் கதை மாறுகிறது. முன்பு பெரியம்மை பெரும்பாலும் குழந்தைகளைக் கொன்ற நோய். ஊசி வந்தபின் சிறு குழந்தைகளின் பங்கு குறைந்து பெரியவர்களின் பங்கு கூடியது. காரணம், ஊசியின் பாதுகாப்பு ஆயுள் முழுக்க நிற்காது. வருடம் போகப்போகக் குறையும். மறுபடி போட வேண்டும். ஜெர்மனி 1874-லேயே இரண்டாவது ஊசியையும் சட்டமாக்கி அம்மைச் சாவுகளை வெகுவாகக் குறைத்தது.

இரண்டு, சுகாதாரம்தான் காரணம் என்றால் காற்றில் பரவும் தட்டம்மைச் சாவும் அதே வேகத்தில் குறைந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அது குறையவில்லை.

இதற்கெல்லாம் விடை ஒரு நகரத்தில் கிடைத்தது. 1895-96-ல் க்ளாஸ்டர் நகரில் பெரியம்மை வந்தது. ஜென்னர் பிறந்த அதே மாவட்டம்! அதற்கு முந்தைய வருடங்களில் அங்கே குழந்தைகளுக்கு ஊசி போடுவது வெகுவாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 2,000 பேருக்கு நோய் கண்டது. 434 பேர் இறந்தார்கள். பாதிக்கும் மேல் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அந்த ஊர் ஊசியைக் கைவிட்டதற்கு வாலஸ்தான் காரணம் என்று சொல்வது நியாயமில்லை. அந்த இயக்கத்துக்கு அவர் வருவதற்கு முன்பே வலு இருந்தது. ஆனால் அந்த இயக்கம் 'எங்கள் பக்கம் பெரிய விஞ்ஞானியே இருக்கிறார்' என்று சொல்லிக்கொள்ள அவர் பெயர் பயன்பட்டது.

1896-ல் அரச விசாரணைக் குழு தன் இறுதி அறிக்கையில், ஊசி காக்கிறது, காலப்போக்கில் அந்தப் பாதுகாப்பு குறைகிறது, மறு ஊசி தேவை என்று முடிவாகச் சொன்னது. வாலஸும் 1890-ல் அதன் முன் சாட்சியம் சொல்லியிருந்தார். மனம் மாறினாரா? இல்லை. 1898-ல் 'தடுப்பூசி ஒரு மாயை' என்றே தலைப்பிட்டு எழுதினார். தலைப்பின் மறுபாதி, அதைத் தண்டனையால் திணிப்பது குற்றம் என்றது. க்ளாஸ்டரில் அத்தனை குழந்தைகள் செத்து இரண்டே வருடம்தான் ஆகியிருந்தது.

அதே 1898-ல் மனசாட்சிப்படி மறுப்பவர்களுக்கு விலக்கு தரும் சட்டம் வந்தது. கையிலிருந்து கைக்கு ஊசி வைப்பதும் நின்றது. வாலஸ் சொன்ன நியாயமான குறைகளுக்குத் தீர்வு வந்துவிட்டது. ஆனாலும் 1913-ல் இறக்கும்வரை அவர் தன் கருத்தை விடவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. 1870-ல் பூமி தட்டை என்று 500 பவுண்டு பந்தயம் கட்டிய ஒருவரிடம், ஒரு கால்வாயில் அளந்து காட்டி பூமி வளைந்திருப்பதை நிரூபித்தவரும் இதே வாலஸ்தான். தோற்றவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளாமல் வருடக்கணக்கில் அவரைத் திட்டித் தீர்த்தார். கண்ணெதிரே இருக்கும் அளவை மறுப்பவன் எப்படி இருப்பான் என்று வாலஸுக்கு நன்றாகவே தெரியும்.

பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது ஊசிதான். வாலஸ் மீது எனக்கு இருக்கும் மரியாதை போகவில்லை. இயற்கைத் தேர்வு அவர் கண்டுபிடித்ததுதான். ஆனால் இனிமேல் ஒரு பெரிய மனிதர் புள்ளிவிவரத்தோடு வந்து தடுப்பூசி வேண்டாம் என்றால், அவர் யார் என்பதைவிட, எந்த வயதுக்காரர்களை எண்ணினார், யாரை விட்டார் என்று கேட்கலாம் என்றிருக்கிறேன். நீங்களும் கேளுங்கள்.